ஃபில்டர் இல்லாத மீன்தொட்டியும் நான்கு சோதனைக் குப்பிகளும்

மீன் வளர்ப்பவர் வீட்டு அலமாரியைத் திறந்தால் மருந்துக் குப்பிகள் வரிசையாக நிற்கும். வெண்புள்ளிக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, துடுப்பு அழுகலுக்கு ஒன்று, கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்க ஒன்று. தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டும் பெட்டி மட்டும் பெரும்பாலும் இருக்காது. ஃபில்டர் இல்லாமல் மீன் வளர்ப்பவர் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்ற நிலை வந்தால், அந்தப் பெட்டியைத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) ஆகிய நான்கையும் சொட்டு விட்டுச் சோதிக்கும் திரவச் சோதனைப் பெட்டியைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். மருந்துக் குப்பிகளையும் விடப்போவதில்லை. இந்தப் பெட்டி தரும் தகவலை வைத்து அவற்றையும் எடைபோடலாம்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஏறக்குறைய ஒரே வேதிமுறையில் பல நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. பெயரைவிடப் பெட்டிக்குள் எந்த முறை இருக்கிறது என்பதே முக்கியம். என்னிடம் இருப்பது 45 லிட்டர் தொட்டி. அடியில் மண், அதன்மேல் பொடிக்கல், நடுவில் ஹார்ன்வொர்ட், வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடிகள், நீர்ப்பரப்பில் ஆகாயத்தாமரை. ஒரு ஃபைட்டர் மீனும் சில நத்தைகளும் அதில் இருக்கின்றன. மோட்டார் இல்லை, காற்றுக்குழாய் இல்லை. பக்கத்தில் இன்னொரு சிறிய தொட்டியில் கப்பி மீன்கள் இருக்கின்றன. அதற்கும் ஃபில்டர் கிடையாது.

இப்படிப்பட்ட தொட்டிக்குச் சோதனைப் பெட்டி ஏன் இவ்வளவு தேவை? மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் அடியில் கிடக்கும் தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. ஃபில்டர் உள்ள தொட்டியில் அதன் பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். தண்ணீர் ஓயாமல் அவற்றின் ஊடாக ஓடுவதால் வேலை விரைவாக நடக்கும். ஃபில்டர் இல்லாத தொட்டியிலும் அதே நுண்ணுயிர்கள் இருக்கின்றன. கல்லின் மேல், கண்ணாடியின் உட்புறம், இலைகளின் மேல் என்று மெல்லிய படலமாக அவை வாழ்கின்றன. ஆனால் ஓட்டம் இல்லாத தண்ணீரில் அம்மோனியா மெதுவாகத்தான் அவற்றைச் சென்றடையும். மீதி வேலையைச் செடிகளும், தண்ணீர் மாற்றும் நம் கையும் செய்ய வேண்டும். ஒரு வாரம் ஊருக்குப் போனாலும், ஒரு மீன் செடிக்கு அடியில் செத்துக் கிடந்தாலும், தீனியைச் சற்று அதிகமாகப் போட்டுவிட்டாலும் கணக்கு உடனே புரண்டுவிடும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. அம்மோனியா கலந்த தண்ணீர் பளிங்குபோல் தெளிந்தே இருக்கும்.

பெட்டிக்குள் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்கள் நான்கு, சொட்டுக் குப்பிகள், வண்ண அட்டை ஒன்று. அம்மோனியாச் சோதனைக்கு 5 மில்லி தொட்டித் தண்ணீரை எடுத்து, இரண்டு குப்பிகளிலிருந்தும் சொல்லப்பட்ட எண்ணிக்கையில் சொட்டுகள் விட்டு, மூடிக் குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏற அம்மோனியா கூடுகிறது. இதற்கு அடிப்படை 1859-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ கண்ட ஒரு வினை. அம்மோனியாவும் பீனாலும் ஹைப்போகுளோரைட்டும் சேர்ந்தால் நீல நிறம் தோன்றும். பீனால் நச்சுத்தன்மை கொண்டது என்பதால் அதன் இடத்தில் இப்போது சாலிசிலேட் சேர்க்கிறார்கள். கரைசலின் மஞ்சளோடு அந்த நீலம் கலப்பதால்தான் நமக்குப் பச்சையாகத் தெரிகிறது.

வாங்கும்போது இந்த ‘சாலிசிலேட்’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். சில பெட்டிகளில் நெஸ்லர் முறை இருக்கும். அது 1856-ஐச் சேர்ந்த முறை. ஒரே குப்பி, உடனே மஞ்சள் நிறம், காத்திருக்க வேண்டியதில்லை. வசதியாகத்தான் தோன்றும். ஆனால் அந்தக் குப்பியில் பாதரசச் சேர்மம் இருக்கிறது. சோதித்த தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றுவதை நினைத்தாலே எனக்கு மனம் ஒப்பவில்லை. அதோடு, குளோரின் நீக்கியும் அம்மோனியா கட்டுப்படுத்தியும் கலந்த தண்ணீரில் நெஸ்லர் தவறான நிறம் காட்டக்கூடும். ஃபில்டர் இல்லாத தொட்டிக்காரர் வாரந்தோறும் அப்படிப்பட்ட திரவத்தைப் பயன்படுத்துபவர். அவருக்கு இது ஒத்துவராது.

இனி இந்தப் பெட்டியின் உண்மையான பயனுக்கு வருகிறேன். பெரும்பாலோர் அம்மோனியா எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். அந்த எண் மொத்த அம்மோனியாவைக் குறிக்கிறது. தண்ணீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும்: செவுளைத் தாக்கும் கட்டற்ற அம்மோனியா ஒன்று, அதைவிட மிகக் குறைந்த தீங்குள்ள அம்மோனியம் மற்றொன்று. எது எவ்வளவு என்பதைப் பி.எச்.-உம் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. 25 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் ஏறக்குறைய 0.6 சதவீதம்தான் கட்டற்ற அம்மோனியா. பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். பி.எச். 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் கட்டற்ற அம்மோனியாவே செவுளைப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். அதாவது, அட்டையில் ‘1’ (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) என்று காட்டும் ஒரே பச்சை நிறம், பி.எச். 7 உள்ள தொட்டியில் ‘கவனி’ என்கிறது, பி.எச். 8 உள்ள தொட்டியில் ‘இப்போதே தண்ணீரை மாற்று’ என்கிறது. அம்மோனியாக் குப்பியையும் பி.எச். குப்பியையும் ஒருசேரப் பயன்படுத்தாதவர் பாதிச் செய்தியைத்தான் படிக்கிறார்.

பி.எச். சோதனையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வழக்கமான பி.எச். குப்பியில் இருப்பது புரோமோதைமால் புளூ. அது 6.0-இல் மஞ்சளும் 7.6-இல் நீலமும் காட்டும். அந்த எல்லைகளுக்கு வெளியே அதற்குக் கண் இல்லை. 8.2 உள்ள தண்ணீரும் அதே நீலம்தான். கடினநீர் வரும் வீட்டில் இது பெரிய குறை. ஆகவே உயர் பி.எச். குப்பி தனியாக இருக்கும் பெட்டியையே வாங்க வேண்டும்; என்னுடையதில் அது இருக்கிறது, அதற்காக ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தருகிறேன். செடிகள் அடர்ந்த தொட்டியில் பி.எச். நாள் முழுதும் ஒரே அளவில் நிற்பதும் இல்லை. வெளிச்சத்தில் செடிகள் கரியமில வாயுவை உறிஞ்ச, மாலைக்குள் பி.எச். ஏறிவிடும், இரவில் இறங்கும். அம்மோனியாவின் கடுமை மாலையில் கூடும். சந்தேகம் இருக்கும் தொட்டியை மாலையில் சோதியுங்கள்.

இந்த இரண்டு குப்பிகளும் சேர்ந்து என்ன சொல்லும் என்பதைப் பக்கத்து வீட்டுப் பையனின் தொட்டியில் பார்த்தேன். ஒரு காலையில் வாசலில் வந்து நின்றான். “அக்கா, நேற்றுதான் தண்ணீரை நன்றாக மாற்றினேன். இன்று பார்த்தால் மூன்று மீன்கள் மிதக்கின்றன. புதுத் தண்ணீரில் ஏதோ விஷம் இருக்கிறது” என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது. பழைய தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றுவதற்காக வாளியில் எடுத்து வைத்திருந்தான், நல்லதாகப் போயிற்று. அதைச் சோதித்தேன். பி.எச். அட்டையின் கடைசிப் படியான 6.0-இல் மஞ்சள். அம்மோனியா 4-ஐத் தொடும் கரும்பச்சை. குழாய்த் தண்ணீரின் பி.எச். 7.8. அதில் அம்மோனியா இல்லை.

நடந்தது இதுதான். நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அமிலத்தை ஈடுகட்டும் தண்ணீரின் காரத்தன்மையை அது சிறுகச் சிறுகத் தின்றுவிடும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறக்குறைய 7 கிராம் காரத்தன்மை செலவாகும். தண்ணீர் மாற்றாமலே பல வாரங்கள் ஓடிய தொட்டியில் காரத்தன்மை தீர்ந்து, பி.எச். 6-க்கு இறங்கி, அந்த நுண்ணுயிர்களே வேலையை நிறுத்திவிடுகின்றன. அம்மோனியா சேர்கிறது. ஆனால் அந்த அமிலத் தண்ணீரில் அது ஏறக்குறைய முழுவதும் அம்மோனியமாக இருப்பதால் மீன்கள் தாக்குப்பிடிக்கின்றன. பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அம்மோனியா பாதியாகக் குறையும், பி.எச். 7.8-ஐ நெருங்கும். கணக்கிட்டுப் பாருங்கள்: கட்டற்ற அம்மோனியாவின் பங்கு அறுபது மடங்கு ஏறுகிறது, மொத்தம் பாதியாகிறது, ஆக மீன் உணரும் நஞ்சு முப்பது மடங்கு. ‘தண்ணீர் மாற்றினால் மீன் செத்துவிடும்’ என்று பலரும் நம்புவதன் பின்னால் பெரும்பாலும் இந்த வேதியியல்தான் இருக்கிறது. அந்த நம்பிக்கையால் தண்ணீரை இன்னும் அரிதாக மாற்றுகிறார்கள். அடுத்த சாவுக்கு அதுவே வழி வகுக்கிறது.

எஞ்சிய மீன்களைக் காக்க, அம்மோனியாவைக் கட்டிப்போடும் திரவத்தைச் சேர்த்தோம், தீனியை நிறுத்தினோம். இதே நிலையில் வேறு தொட்டி கிடைத்தால், முதலில் பத்தில் ஒரு பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றச் சொல்வேன். மறுநாள் மீண்டும் பத்தில் ஒரு பங்கு. அம்மோனியா இறங்குவதையும் பி.எச். ஏறுவதையும் சோதனைக் குழாயில் பார்த்துக்கொண்டே போகலாம். பையனின் மீன்களுக்கு அன்று எந்த மருந்து ஊற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. கடையில் கேட்டிருந்தால் ஒரு நீலக் குப்பி கொடுத்து அனுப்பியிருப்பார்கள். நோய்க்கிருமி எதுவும் அங்கே இல்லை.

நைட்ரைட் சோதனை இளஞ்சிவப்பு நிறம் காட்டும். மிகக் குறைந்த அளவையும் தெளிவாகப் பிடித்துவிடும். நான்கில் படிப்பதற்கு எளிதானது இதுவே. நைட்ரைட் ரத்தத்தில் ஏறினால் ஹீமோகுளோபின் மாறி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. ரத்தம் பழுப்பாகிவிடும், மீன் மேற்பரப்பில் வாய் திறந்து திணறும். இதற்கு அலமாரியிலேயே மிக எளிய பொருள் ஒன்று இருக்கிறது: உப்பு. குளோரைடு அயனி செவுளில் நைட்ரைட்டின் வழியை அடைத்துவிடுகிறது. நைட்ரைட் ஒரு பங்கு என்றால் குளோரைடு பத்துப் பங்கு இருந்தால் போதும். 10 லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு போட்டாலே லிட்டருக்கு 60 மில்லிகிராம் குளோரைடு கிடைத்துவிடும். இவ்வளவு குறைந்த உப்பைச் செடிகளும் தாங்கும். ஆனால் நைட்ரைட் குழாயில் சிவப்பு தெரிந்தால்தான் உப்பு. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வாரந்தோறும் போடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தொட்டியில் அது ஏறிக்கொண்டே போகும்.

நைட்ரேட் குப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாவது குப்பியின் அடியில் உலோகத்தூள் படிந்துவிடும். அரை நிமிடமாவது பலமாகக் குலுக்காவிட்டால், நைட்ரேட் நிறைந்த தண்ணீரும் ‘ஒன்றுமில்லை’ என்று காட்டும். செடி அடர்ந்த தொட்டியில் நைட்ரேட் உண்மையிலேயே பூஜ்யமாக இருப்பதும் உண்டு, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். மிதக்கும் செடிகள் அம்மோனியமாக இருக்கும்போதே நைட்ரஜனை உண்டுவிடுகின்றன.

ஒட்டுத்தாள் வடிவில் வரும் சோதனைப் பட்டைகளை என் தோழி ஒருத்தி விரும்புகிறாள். முக்கி எடுத்தால் ஒரு நிமிடத்தில் ஐந்தாறு கட்டங்கள் நிறம் மாறிவிடும். விரைவுதான். ஆனால் பல பட்டைகளில் அம்மோனியாக் கட்டமே இருப்பதில்லை. ஃபில்டர் இல்லாத தொட்டியில் முதலில் அறிய வேண்டியதே அதுதானே! டப்பாவைத் திறந்து மூடும்போதெல்லாம் ஈரம் ஏறி மீதிப் பட்டைகளும் நம்பகம் இழக்கின்றன. பயணத்தில் வேறொருவர் வீட்டுத் தொட்டியைப் பார்க்கப் போகும்போது எடுத்துப் போகலாம். வீட்டுக்குச் சொட்டுக் குப்பிகள்தான்.

மருந்துக் குப்பிகள் விஷயத்தில் நான் கடுமையானவள். ஃபில்டர் உள்ள தொட்டியில் மருந்து ஊற்றினால் ஃபில்டரைத் தற்காலிகமாகக் கழற்றி வேறு வாளியில் ஓடவிட்டு, நுண்ணுயிர்களைக் காப்பாற்றலாம். நமக்கு அந்த வழி இல்லை. நம் நுண்ணுயிர்கள் கல்லிலும் இலையிலும் இருக்கின்றன. தொட்டியில் ஊற்றுவது எல்லாம் அவற்றின் மேல்தான் விழும். ஆகவே எந்த மருந்தும் முதன்மைத் தொட்டிக்குள் போகக் கூடாது. நோயுற்ற மீனுக்கு அடியில் கல் எதுவும் இல்லாத, பத்துப் பதினைந்து லிட்டர் கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் தொட்டி போதும்.

மெத்திலீன் புளூவை எடுத்துக்கொள்ளுங்கள். 1876-இல் ஹைன்ரிக் காரோ உருவாக்கிய சாயம் அது. 1891-இல் மனிதர்களின் மலேரியாவுக்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நைட்ரைட் நஞ்சால் பழுப்பான ரத்தத்தை மீட்கவும், முட்டைகளில் பூஞ்சை படராமல் தடுக்கவும் நல்ல மருந்து. அதன்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் மாற்றும் நுண்ணுயிர்களையும் கொல்லும், செடிகளையும் கெடுக்கும், தொட்டியின் சிலிகான் ஓரங்களை நிரந்தரமாக நீலமாக்கும். முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் நோய் ஒன்று போய், சில நாளில் அம்மோனியா ஏறி வேறொன்று வரும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நீலத் தண்ணீரில் இந்தச் சோதனைப் பெட்டி பயன்படாது. மஞ்சள் கரைசலில் நீலச் சாயம் கலந்தால் பச்சையாகத்தான் தெரியும். அம்மோனியா இல்லாதபோதும் இருப்பதுபோல் காட்டும். மருந்துத் தொட்டி நீலமாக இருக்கும் நாட்களில் சோதனையை விட்டுவிடுங்கள். தினமும் பாதித் தண்ணீரை மாற்றி, எடுத்த தண்ணீருக்கு உரிய மருந்தை மட்டும் மீண்டும் சேருங்கள்.

வாதுமை இலை போட்ட பழுப்புத் தண்ணீரிலும் இந்தச் சிக்கல் உண்டு. அதற்கு ஒரு வழி: சொட்டு விடாத அதே தண்ணீரை இன்னொரு குழாயில் நிரப்பி, வண்ண அட்டையின் மேல் வைத்து, அதன் வழியாக அட்டையின் நிறத்தைப் பார்த்து ஒப்பிடுங்கள். பழுப்பு இரு பக்கமும் சமமாகிவிடும்.

வெண்புள்ளி நோய்க்கு விற்கும் மலாக்கைட் பச்சைக் கலவைகளையும், செம்பு கலந்தவற்றையும் நான் வாங்குவதில்லை. செம்பு நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும். மண்ணும் கல்லும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு எப்போதோ வெளியே விடும். ஃபார்மலின் கலந்தவை தண்ணீரின் ஆக்சிஜனையே குறைக்கும். காற்றுக்குழாய் இல்லாத தொட்டியில் அது மூச்சை நிறுத்தும் காரியம். வெண்புள்ளிக்குக் காரணமான ஒட்டுண்ணியின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் மருந்தின் தேவையே பெரிதும் குறையும். உடலில் தெரியும் வெள்ளைப் புள்ளி தோலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே எந்த மருந்தும் அதை எட்டாது. வளர்ந்ததும் அது உதிர்ந்து, கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து நீந்தும். அந்தக் குஞ்சுகள் இரண்டு நாட்களுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். ஆகவே எல்லா மீன்களையும் வெறும் தொட்டிக்கு மாற்றிவிட்டால், செடித் தொட்டியில் ஒட்டுண்ணிக்கு இரை இல்லை. இரண்டு வாரம் மீன் இல்லாமல் விட்டால் அது தானே ஒழியும், நுண்ணுயிர்களுக்கும் செடிகளுக்கும் ஒரு குறையும் நேராது. நத்தைகள் போடும் கழிவே அந்த நுண்ணுயிர்களைப் பட்டினியின்றி வைத்திருக்கும். வெறும் தொட்டியில் இருக்கும் மீன்களுக்கு லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் உப்பும், தினமும் அடியை உறிஞ்சி எடுத்துத் தண்ணீர் மாற்றுவதும் தொடரட்டும். உதிர்ந்தவை பெருகுவதற்கு முன்பே வெளியேறிவிடும்.

அந்த வெறும் தொட்டியில்தான் அம்மோனியாக் குப்பியை நான் மிக அதிகமாகப் பயன்படுத்துகிறேன். அங்கே செடி இல்லை, படலம் இல்லை. மீன் விடும் அம்மோனியா முழுவதும் அப்படியே நிற்கும். காலையும் மாலையும் சோதித்தால் தண்ணீரை எவ்வளவு மாற்ற வேண்டும் என்று எண்ணே சொல்லிவிடும். நோயால் செத்ததாக நாம் நினைக்கும் மீன்கள் பல, மருத்துவத் தொட்டியின் அம்மோனியாவால்தான் செத்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

குழாய்த் தண்ணீரையும் சோதியுங்கள். குளோரினை நீக்க எல்லோரும் பயன்படுத்துவது சோடியம் தயோசல்பேட். மலிவு, விரைவு, நல்ல பொருள். ஆனால் சில இடங்களில் குடிநீரில் குளோரினுக்குப் பதில் குளோரமின் கலக்கிறார்கள். தயோசல்பேட் அதை உடைக்கும்போது அம்மோனியா மிஞ்சும். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமின் அவ்வளவு எளிதில் போகாது. தயோசல்பேட் கலந்த குழாய்த் தண்ணீரில் பச்சை தெரிந்தால் உங்கள் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் குளோரமின். அப்போது அம்மோனியாவையும் கட்டும் வகைத் திரவம் வேண்டும். அப்படிக் கட்டிய பிறகும் சாலிசிலேட் சோதனை அந்த அம்மோனியாவைக் காட்டத்தான் செய்யும், ஏனெனில் அது அளப்பது மொத்தத்தை. பதறி மேலும் மேலும் திரவத்தை ஊற்ற வேண்டாம்.

பெட்டி காட்டாத ஒன்றும் இருக்கிறது: ஆக்சிஜன். 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனை ஏந்தும். 30 டிகிரியில் ஏழரைதான். இரவு முழுதும் செடிகளும் மீனோடு சேர்ந்து சுவாசிப்பதால் விடியும் நேரத்தில் அது மிகக் குறைந்திருக்கும். நான்கு குழாய்களும் நல்ல நிறம் காட்டியும் மீன்கள் காலையில் மேலே வந்து வாய் பிளந்தால், மீன்கள் அதிகம் அல்லது மிதக்கும் செடி நீர்ப்பரப்பு முழுவதையும் மூடிவிட்டது என்று பொருள். ஃபைட்டரும் கௌராமியும் நீருக்கு மேலுள்ள காற்றையும் சுவாசிக்கும் உறுப்பு உடையவை. ஃபில்டர் இல்லாத தொட்டி அவற்றுக்குப் பொருந்தும். தங்கமீனுக்குப் பொருந்தாது. ஒரு கண்ணாடிக் குவளையில் தங்கமீனை விட்டு அதற்கு மருந்து கேட்டு வருபவர்களிடம் நான் சோதனைப் பெட்டியைக்கூடப் பரிந்துரைப்பதில்லை. பெரிய தொட்டியும் ஃபில்டரும் வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். வேறு எந்தப் பதிலும் அந்த மீனுக்குச் செய்யும் துரோகம்.

பெட்டியின் குறைகளையும் எழுத வேண்டும். வண்ண அட்டையில் அம்மோனியா பூஜ்யத்துக்கும் 0.25-க்கும் உள்ள வேறுபாடு மிக நுண்ணியது. விளக்கின் மஞ்சள் ஒளியில் எல்லாமே பச்சையாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில், குழாயை அட்டையின் வெள்ளைப் பகுதியோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். சிவப்பு, பச்சை வேறுபாடு காண்பதில் சிரமம் உள்ளவர்கள் வீட்டில் இன்னொருவரைப் படிக்கச் சொல்வதே நல்லது. குழாய் மூடிகள் தளர்ந்து கசிகின்றன. விரலால் மூடிக் குலுக்காதீர்கள், விரலில் உள்ளது தண்ணீரில் கலக்கும், குப்பியில் உள்ள காரமும் தோலை அரிக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டிய பெட்டி இது. குப்பியைச் செங்குத்தாகப் பிடித்தால்தான் எல்லாச் சொட்டும் ஒரே அளவில் விழும். முந்தைய சோதனையின் மிச்சம் ஒட்டியிருந்தால் அடுத்தது கெட்டுவிடும் என்பதால், சோதிக்கும் தண்ணீராலேயே குழாயை முதலில் அலசிவிடுங்கள்.

நான்கும் சேர்ந்த பெட்டி வாங்க முடியாதவர்கள் அம்மோனியாவையும் பி.எச்.-ஐயும் தனிக் குப்பிகளாக வாங்கினாலே முக்கால்வாசிப் பயன் கிடைத்துவிடும். அடுத்தது நைட்ரைட். நைட்ரேட் கடைசியில். புதிதாகத் தொட்டி அமைத்த முதல் இரண்டு மாதங்களில் ஒன்று விட்டு ஒரு நாள் சோதிக்க வேண்டும். செடிகள் வேரூன்றி எண்கள் அசையாமல் நின்ற பிறகு, தண்ணீர் மாற்றும் நாளில் மாற்றுவதற்கு முன்பு ஒருமுறை போதும். மீன் ஒடுங்கினாலோ தின்ன மறுத்தாலோ, எந்தக் குப்பியைத் திறப்பதற்கு முன்பும் ஒருமுறை. பெட்டி வந்ததும் காலாவதித் தேதியைப் பாருங்கள். திறந்த மாதத்தையும் ஆண்டையும் ஒவ்வொரு மூடியின் மேலும் பேனாவால் எழுதிவிடுங்கள். பழைய கரைசல் அம்மோனியா நிறைந்த தண்ணீரிலும் மஞ்சளாகவே நிற்கக்கூடும்.